பூர்வீகம் பிரிப்பவர்

எங்கள் பக்கத்தில் கொசுவுக்கு அடுத்தபடியாக எல்லாத் தெருவிலும் காணப்படும் உயிர் ஒன்று உண்டு. அதன் பெயர் பூர்வீகம் பிரிப்பவர். கொசு பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வரும். இவர் விடிந்ததும் வந்துவிடுவார். கொசுவுக்காவது மருந்தடிக்க நகராட்சி ஆள் அனுப்புகிறது. இவருக்கு யாரும் வருவதில்லை.

நீங்கள் ஆம்பூரில் புதிதாகக் குடிவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பை இன்னும் வண்டியிலிருந்து இறக்கவில்லை, பீரோ மாடிப்படியின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் ஒரு மூலையை நீங்கள் தோளில் தாங்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் சரியாக அப்போதுதான் கேட்பார்.

"சொந்த ஊரு?"

"வாலாஜாபேட்டைங்க."

"அது சரி. பூர்வீகம்?"

"தாத்தா காலத்துல சித்தூர் பக்கத்துலேர்ந்து வந்தாங்களாம்."

"அதுக்கு முன்னால?"

அதற்கு முன்னால் எங்கே இருந்தோம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் தாத்தாவுக்கே தெரிந்திருக்காது. ஆனாலும் பீரோவைத் தாங்கியபடி யோசிக்கிறீர்கள். அதுதான் அவருடைய வெற்றி. அவர் கேட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வி மடித்து வைக்கப்பட்டிருப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை மட்டும் அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். நாகரிகமானவர்.

எங்கள் தெருவில் இந்தப் பதவியை வகிப்பவர் வேலாயுதம். தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிற மேஜையில் நின்றே தலை நரைத்தவர். பதனிட்டு வந்த தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார், புரட்டுவார், கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார், இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இதில் உண்ணி கடித்த தழும்பு இருக்கிறது என்று தனித்தனி அடுக்கில் போடுவார். அவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கட்டைவிரலை வாங்கி வைத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

எங்கள் தெருவும் அவருக்கென்றே வந்து இறங்கிய சரக்கு. ஒரு வீட்டில் உருது பேசுகிறார்கள், அடுத்த வீட்டில் தமிழ், அதற்கு அடுத்த வீட்டில் சாதாரண நாளில் தமிழும் சண்டை வந்தால் தெலுங்கும், அடகுக்கடை வீட்டில் மார்வாடி, பிரியாணிக் கடை மாடியில் பீகாரிலிருந்து வந்த பையன்கள், மூலையில் இருக்கிற ஷூ கம்பெனி விடுதியில் ஒடிசாப் பெண்களும் அசாம் பெண்களும். யாரையும் கேட்காமலே பிரிப்பதற்கு வேலாயுதத்திடம் வழிகள் உண்டு. காலையில் எந்த வீட்டில் என்ன தாளிக்கிற வாசனை, கொடியில் காய்கிற லுங்கியில் என்ன கட்டம், குழாயடியில் ஒரு தாய் பிள்ளையை எந்த மொழியில் திட்டுகிறாள் என்று பார்த்துக்கொண்டே நடப்பார். பால் வாங்கப் போகிறவர் பால் இல்லாமல் திரும்பி வருவதும் உண்டு. தகவல் இல்லாமல் வந்ததில்லை.

அடகுக்கடைக்காரர் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பாவும் இங்கேயே பிறந்தவர். கனவிலும் தமிழில்தான் வட்டி சொல்வார். வேலாயுதத்துக்கு அவர் இன்னும் 'வந்த ஆளு'.

சரி, பொழுது போகாத மனிதர், இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் தம்பிக்கு வீடு தேடுகிற வரைக்கும்.

என் தம்பி மதியழகன் ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறான். நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன், அவன் காலணித் தொழில்நுட்பம் படித்தவன். அவன் வரைந்த ஷூ இப்போது ஜெர்மனியில் நடந்துகொண்டிருக்கிறது. சந்தர்ப்பம் கிடைக்கும்போது இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. அதே கம்பெனியில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற லைனில் இருந்த மினதி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒடிசாவில் ராயகடா பக்கம். நான் வீடு தேடியபோது அவளுக்கு ஏழாம் மாதம். அவர்கள் இருந்த ஒற்றை அறை நகரத்தின் மறுகோடியில் இருந்தது. என் பக்கத்து வீடு பில்கிஸ் அக்காவுடையது. அதன் மாடி காலியானதும், பிரசவத்துக்கு முன்னால் அவளை இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். ஏற்கெனவே இரண்டு வீட்டுக்காரர்கள் மினதியைப் பார்த்ததும் "சொந்தக்காரங்களுக்குப் பேசி வச்சிருக்கோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொந்தக்காரர்கள் இன்றுவரை வரவில்லை.

பில்கிஸ் அக்கா தங்கமான மனுஷி. "எனக்கு ஒண்ணுமில்லம்மா. வேலாயுதண்ணா ஒரு பார்வ பாத்து சரின்னுட்டா சாவியக் குடுத்துடறேன்" என்றார். அவரை யார் இதற்கு நியமித்தது என்று கேட்டேன். அக்கா யோசித்துப் பார்த்தார். யாரும் இல்லைதான். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே?

ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் வார்த்த மறுநாள் காலை. விழாவுக்கு வேலாயுதம் பொறுப்பேற்று வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், திருப்பி ஏற்றிப்போகிற வண்டிக்காகப் பில்கிஸ் அக்கா வீட்டு வாசலில் அடுக்கடுக்காக நின்றன. தம்பி மினதியைக் கூட்டிக்கொண்டு வந்தான். நெற்றி நிறையக் குங்குமத்தோடு வேலாயுதம் வந்தார். மினதியை நிற்க வைத்து ஒரு பக்கமாகப் பார்த்தார், பிறகு மறுபக்கமாகப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"ராயகடா, அங்கிள். ஒடிசா."

"அங்க பாதி தெலுங்காச்சே."

"தெலுங்கும் இருக்காங்க. நாங்க ஒடியா."

"அப்படின்னு சொல்ற. மூக்கப் பாத்தா வேற மாதிரி கீதே."

தம்பிக்குக் காது சிவந்துவிட்டது. நான் அவன் முழங்கையைக் கிள்ளினேன். இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு, திறந்தால் ஒற்றை அறை.

வேலாயுதம் தன்னுடைய கடைசிச் சோதனையை எடுத்தார். "மனுஷன் எந்த பாஷைல வேணா பேசுவான்மா. எண்றப்ப மட்டும் பெத்தவ பாஷைதான் வரும். எங்க, அந்தச் சேர எண்ணு பாக்கலாம்."

மினதி இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகை விரலை நீட்டி எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." எங்கேயும் தடுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. வேலாயுதத்துக்கு முகம் மாறிவிட்டது. பில்கிஸ் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. தெருவுக்கே கேட்டது.

"இது ஒடிசா இல்லம்மா. இங்கத்திப் பொண்ணு. எதுக்கு ஒடிசான்னு சொல்லணும்? என்னவோ மறைக்கிறாங்க. எதுக்கு நமக்குப் பேஜாரு?"

நியாயத்தைக் கவனித்தீர்களா? ஒடிசா என்றால் வெளி ஆள், யோசிக்க வேண்டும். உள்ளூர் என்றால் பொய்க்காரி, கட்டாயம் யோசிக்க வேண்டும்.

"லைன்ல சூப்பர்வைசர் அக்கா தமிழ்லதான் ஜோடி எண்ணச் சொல்வாங்க, அங்கிள்," என்றாள் மினதி. "எண்றது இங்க வந்துதான் பழகுச்சு."

"பேச்சு பழகும். எண்றது பழகாது," என்றார் வேலாயுதம்.

பில்கிஸ் அக்கா கையில் இருந்த சாவியை மெதுவாகத் துப்பட்டாவுக்குள் கொண்டுபோனார். போயிற்று, மூன்றாவது வீடு என்று நினைத்தேன்.

அப்போது நாற்காலி வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் இறங்கி, அடுக்குகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பெரியவரே, கொறையற மாதிரி இருக்கே" என்றான். வேலாயுதத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் பொறுப்பில் இருந்த சரக்கு குறையுமா? வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்தார். அடுக்கிலிருந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக உருவி இந்தப் பக்கம் வீசிக்கொண்டே, தலையை ஆட்டி, ஒரு ராகத்தோடு எண்ணத் தொடங்கினார்.

"ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே, சாத்..."

நிறுத்தவே இல்லை. எங்கள் ஊர்த் தொழிற்சாலை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அவர் வேலை பார்த்த இடத்தில் தோலை உருதுவில்தான் எண்ணுவார்கள், எண்ணுகிறவர் யாராக இருந்தாலும். ஆனால் தொழிற்சாலைக்குள் கேட்டால் அது வேலை. கூழ் வார்த்த தெருவில், குங்குமம் வழிகிற நெற்றியோடு கேட்டால்?

"சரியாத்தான் இருக்கு" என்றான் வண்டிக்காரன். வேலாயுதம் வெற்றியோடு நிமிர்ந்தார். ஏன் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

"ஏண்ணா," என்றார் பில்கிஸ் அக்கா, "நீங்க எங்க ஆளா? இத்தினி வருஷமா சொல்லவேயில்லயே."

"இன்னாம்மா நீ. அது தோல் எண்ணி எண்ணி வந்தது. வேலைல வந்த பழக்கம்."

"எனக்கும் வேலைலதான் வந்துச்சு, அங்கிள்," என்றாள் மினதி, மிக மரியாதையாக.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் நகராட்சிப் பள்ளிக்கூடத்துல தமிழ்ல படிச்சவ. உருதுல இருவதத் தாண்டினா எனக்குத் தகராறு. நாலு பேரு வந்தா நீங்க எண்ணுங்க, எங்க பக்கம் மானம் நிக்கும்." சொல்லிக்கொண்டே சாவியை மினதியின் கையில் வைத்தார். "தண்ணி காலைல ஆறு மணிக்கு வரும்மா. மோட்டார நான் போடறேன். நீ படி ஏறி எறங்காத."

வேலாயுதம் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இந்த இனம் திருந்துவதில்லை. அன்று சாயங்காலமே டீக்கடையில், "ராயகடா பொண்ணு. பாத்ததுமே சொல்லிட்டேன்ல?" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

இதுவரை அவரைப் பார்த்துச் சிரித்தாயிற்று. இப்போது உங்களிடம் வருகிறேன். நான் என் பெயரைச் சொல்லவில்லை. தம்பி பெயரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், பேச்சுவாக்கில் கோயிலையும் கூழையும் சொன்னேன். படித்துக்கொண்டே வரும்போது, 'இந்தப் பொம்பளை இன்னார் வீட்டுப் பொம்பளையாகத்தான் இருக்க வேண்டும்' என்று உங்களுக்குள் ஒரு குரல் மெதுவாகச் சொன்னதா? சொல்லவேயில்லை என்றால் நீங்கள் மிகப் பெரிய மனிதர். அப்படி ஒருவரை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. சொன்னதென்றால் கூச்சப்பட வேண்டாம், எங்கள் தெருவுக்கே குடிவந்துவிடுங்கள், வேலாயுதமும் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல்தான் இருக்கிறார். ஆனால் பில்கிஸ் அக்கா வீட்டு மாடியை மட்டும் கேட்காதீர்கள். அங்கே தொட்டில் கட்டியாயிற்று.