மீத்திறன் வகுப்புக்கு இடம் பார்த்த வரலாறு

மனித குலத்துக்கு வாய்த்த மீத்திறன் முழுவதையும் தராசில் போட்டால், அதில் முக்கால் பங்கு எங்கள் கல்விக் கோட்டத்துப் பெற்றோரிடம்தான் இருக்கும். பிள்ளைகளிடம் எவ்வளவு என்று இன்னும் அளந்து முடியவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெற்றோர் ஒன்றியத்தின் செயலாளர் என்ற பொறுப்போடு சொல்கிறேன்.

சென்ற தை மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் 'மீத்திறன் மாணவர் விசேட வகுப்பு' தொடங்கப்படும். எந்தப் பள்ளிக்கூடம் என்பதைப் பெற்றோரே கூடித் தீர்மானிக்கலாம். முப்பது கணினி, இரண்டு ஆசிரியர்கள், ஒரு ஏசி. கடைசி வரியில் சின்ன நிபந்தனை: தெரிவுப் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளை ஒன்றாவது அந்தப் பள்ளிக்கூட இடாப்பில், அதாவது வரவுப் பதிவேட்டில், இருக்க வேண்டும்.

பரீட்சைக்குத் தோற்றியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். சித்தியடைந்தது ஒன்று: ஜெயபுரத்து யதுர்ஷிகா, ஆறாம் தரம். தாய் அமராவதி கச்சான் கடலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். என் மகன் நிருஷனுக்குப் பதினொரு புள்ளி. வினாத்தாளில் கோளாறு என்பதை ஒன்றியம் உடனே கண்டுபிடித்தது.

சனிக்கிழமை காலை கூட்டம் கூடியது. மங்கல விளக்கேற்ற ஒன்பது பிரமுகர்களை அழைத்திருந்தோம். விளக்கில் ஐந்து திரிதான் இருந்தபடியால் நான்கு பேர் மனம் நொந்து பின்வரிசைக்குப் போனார்கள். மற்றப்படி எல்லாம் சிறப்பு.

"வகுப்பு எங்கட எட்டாம் வாய்க்கால் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரவேணும்," என்று தலைவர் சிற்றம்பலம் அண்ணை தொடங்கினார். அவர் பத்து ஏக்கர் வயற்காரர். "தண்ணி பாயிற இடத்திலைதான் மூளை விளையும். நான் விதைச்சுப் பாத்த ஆள்."

"இல்லை அண்ணை, ரவுண்தான் சரி," என்றார் நகரத்துப் பெற்றோரின் பிரதிநிதி விமலேஸ்வரி. "ஏசி இல்லாட்டி மீத்திறன் வேர்த்துப்போடும். உங்கட பக்கம் பின்னேரமானாக் கரண்ட் நிக்காது."

இந்த உயர்ந்த விவாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அப்போதுதான் அமராவதி எழும்பினார்.

"ஐயா, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்திலையே வச்சா என்ன? ரெண்டு வருஷமா அங்கை கணக்கு ரீச்சர் இல்லை. அவள் தன்ரைபாட்டிலை படிச்சுத்தான் பாஸ் பண்ணினவள்."

மண்டபமே திகைத்துப்போனது. விமலேஸ்வரிதான் முதலில் சுதாரித்தார். "அங்கை ஒரு வசதியும் இல்லையே தங்கச்சி! வசதி இல்லாத இடத்துக்கு எப்பிடி வசதி குடுக்கிறது?" இதை நான் கூட்டக் குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

"இவையள் மலையகத்திலை இருந்து வந்த ஆக்கள்," என்றார் சிற்றம்பலம் அண்ணை. "நாளைக்குத் திரும்பிப் போனா வகுப்பு என்னாகிறது?"

"நான் பிறந்ததே ஜெயபுரத்திலை, ஐயா."

அண்ணையின் குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அவர்கள் 'குடியேறியவர்கள்'. அமராவதி வீட்டார் 'வந்தவர்கள்'. மிக நுட்பமான வித்தியாசம், சாதாரண மூளைக்குப் பிடிபடாது.

இந்த நெருக்கடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மேலிடம் கேட்பது பிள்ளையை அல்ல, இடாப்பில் பெயரை. யதுர்ஷிகாவுக்கு விடுகைப் பத்திரம் எடுத்துப் பெயரை ரவுண் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது. பாதி இடம் எட்டாம் வாய்க்கால் பிள்ளைகளுக்கு, அவர்களை ஏற்றி இறக்க ஒரு வான் வண்டியும் என்றதும் அண்ணையும் இணங்கினார்.

"முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான் வரும். ரவுணுக்கு வர எட்டரையாகும்," என்றார் அமராவதி. "பள்ளிக்கூடம் ஏழரைக்கெல்லோ?"

"அதை உபகுழு பாக்கும். கையெழுத்தை வையுங்கோ, உங்கட பிள்ளையின்ரை நன்மைக்குத்தான்," என்றேன்.

வைத்தார். எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. தேநீர் வந்ததும் சரியாகிவிட்டது.

வகுப்பு வெற்றிகரமாக நடக்கிறது. முப்பது கணினியிலும் ஒன்றியத்தாரின் பிள்ளைகள். யதுர்ஷிகா மூன்று நாள் பஸ்ஸில் வந்தாள். மூன்று நாளும் பிந்தியதால் படலை பூட்டியிருந்தது. பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். இடாப்பில் இல்லாத பிள்ளைக்குப் புத்தகமும் இல்லை, பரீட்சைத் தாளும் இல்லை என்றார்கள். இப்போது தாயோடு கச்சான் பிடுங்கப் போகிறாள்.

மாசி முடிவில் அமராவதி என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பேரைத் திருப்பித் தாங்கோ, ஐயா. அவள் பழைய இடத்திலையே படிக்கட்டும்."

"பேர் போனா வகுப்பை மூடிப்போடுவினம். ஒரு பிள்ளைக்காண்டி முப்பது பிள்ளையளின்ரை எதிர்காலத்தைக் கெடுக்கிறதோ?"

"அந்த முப்பதும் என்ரை பிள்ளையின்ரை பேரிலைதானே இருக்குதுகள்?"

உணர்ச்சிவசப்பட்ட நிலையில் சொல்லப்பட்டது என்பதால் அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

தவணை முடிவில் பரிசளிப்பு விழா. மேலிடம் பார்க்கும் இடாப்பல்லவா, அதில் யதுர்ஷிகாவுக்கு ஒருநாளும் 'வரவில்லை' போடப்படவில்லை. ஆகவே நூறு வீத வரவுக்கான கேடயம் அவளுக்கே போனது. பெயரைக் கூப்பிட்டதும் ஒருவரும் வராததால், முன்வரிசையில் இருந்த என் மகன் மேடையேறி வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் கேடயத்தில் இருந்த பெயரை வாசித்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, இந்தப் பிள்ளை உண்மையிலை இருக்குதோ?"

"ஓம் ராசா," என்றேன். "இடாப்பிலை இருக்குது."

வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் இருக்க முடியாதபடி நாங்கள் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தோம்.