கடலில் எனக்கு வருவது

"தாஸ் அண்ணை, இதுக்குள்ள 'வாந்தி' எண்டு ஒரு பைல் கிடக்கு. என்னது உது?"

றஞ்சனி சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்ரனிதாஸின் கையிலிருந்த தேநீரில் பாதி வரவுப் பதிவேட்டில் ஊற்றுப்பட்டுப் போனது. நெடுந்தீவில் அந்தச் சின்ன அரசாங்கக் கந்தோருக்கு வந்திருந்த ஒரேயொரு கணினி அது. மூன்று பேருக்கும் பொது. திரையின் மூலையில் இருக்கும் ஸ்ராட் என்பதை அழுத்தினால், கடைசியாகத் திறந்து பார்த்த பைல்களின் பெயர்கள் வரிசையாக வரும். அந்த வரிசையில் முதலாவதாக, ஆங்கில எழுத்தில், 'வாந்தி'.

"அது... சுகாதாரப் பகுதிக்கு ஒரு விபரம்," என்றான்.

உள் அறையிலிருந்து பொறுப்பதிகாரி பரமலிங்கத்தின் குரல் வந்தது. "ஆருக்கு வாந்தி? தீவுக்குள்ள ஏதும் பரவுதோ, தாஸ்?"

"இல்லை சேர். ஒராளுக்குத்தான்."

"இண்டைக்கு ஒராள். நாளைக்கு ஊர் முழுக்க. றஞ்சனி, குடிக்கிற தண்ணியை நல்லாக் கொதிக்க வையும்."

அந்த ஒராள் வேறு யாருமில்லை. அன்ரனிதாஸ்தான்.

ஊர்காவற்றுறையில் சம்மாட்டி அருளப்புவைத் தெரியாதவர்கள் கிடையாது. சொந்தமாக இரண்டு வள்ளம், அவற்றில் தொழிலுக்குப் போக ஒன்பது ஆட்கள், எந்தக் காற்று எப்போது திரும்பும் என்று கரையில் நின்றே சொல்லிவிடும் வாய். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றாரென்றால் கடற்கதை தொடங்கிவிடும், கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய் மத்தியானம் சாப்பிடுவது பின்னேரமாகிவிடும். அவருடைய ஒரே மகனுக்குப் படகில் கால் வைத்தால் வயிறு புரட்டுகிறது என்பதை வெளியே சொல்ல முடியுமா?

சின்ன வயதில் இது வெளியே தெரியவில்லை. "என்ர பிள்ளை பேனை பிடிக்க வேணும்" என்று தகப்பனே பிடிவாதமாக நின்று, அவனை யாழ்ப்பாணத்துக்கு விடுதியில் விட்டுப் படிப்பித்தார். படித்தான், உத்தியோகமும் கிடைத்தது. கிடைத்த இடத்தைப் பாருங்கள்: நெடுந்தீவு. சமாதான காலம் வந்து பாதை திறந்ததும் பெரிய கந்தோரில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான், 'தீவுக்காரர்தானே, கடலுக்குப் பழகின ஆள்' என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டான்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் குறிகட்டுவானுக்குப் பஸ், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் படகு. அன்ரனிதாஸ் படகின் பின் மூலையில், தலையில் துவாயைப் போட்டு, கையில் செபமாலையையும் மடியில் ஒரு பையையும் வைத்துக்கொண்டு குனிந்திருப்பான். மற்றவர்கள் அவனைப் பெரிய பக்திமான் என்று நினைத்தார்கள். ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரி, "இந்தக் காலத்துப் பிள்ளையளில இப்பிடி ஒண்டை நான் காணேல்லை" என்று கண் கலங்கினார். அவனுக்கும் அப்போது கண் கலங்கித்தான் இருந்தது. காரணம் வேறு.

இடமாற்றம் கேட்டு இரண்டு தரம் எழுதினான். 'போதிய காரணம் இல்லை' என்று இரண்டு தரமும் திரும்பி வந்தது. மூன்றாம் தரம் மானத்தை விட்டு உண்மையையே எழுதினான். 'மீனவக் குடும்பத்தில் பிறந்தும் கடற்பயணம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஏறியது முதல் இறங்கும்வரை வாந்தி எடுக்கிறேன்.' அதை ஊரில் ரைப் அடிக்கக் கொடுக்க முடியாது. கடைக்காரன் சொந்தக்காரன். ஆகவே கந்தோர் கணினியில் தானே அடித்து, வைத்தியரின் சான்றிதழ் வரும்வரை உள்ளே வைத்திருந்தான். கோவைக்கு வைக்கும் பெயர் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பது எழுதுவினைஞர்களுக்கு முதல்நாளே படிப்பிக்கும் பாடம். மனுசன் இந்த இடத்தில் போய் அந்தப் பாடத்தைக் கடைப்பிடித்துவிட்டான்.

ஞாயிற்றுப் பத்திரிகையில் 'உங்கள் கணினியும் உங்கள் அந்தரங்கமும்' என்று ஒரு பக்கம் வந்திருந்தது. அவன் அதை வெட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். றஞ்சனி தண்ணீர் கொதிக்க வைக்கக் குசினிப் பக்கம் போனதும் விரித்துப் பார்த்தான். முதலாவது ஆலோசனை: கடைசியாகத் திறந்தவற்றின் பட்டியலை அழித்துவிடவும்.

அழித்தான். பட்டியல் வெறுமையாகியது. நெஞ்சும் கொஞ்சம் இலேசாகியது.

பத்து நிமிடம் போகவில்லை.

"தாஸ், இஞ்சை ஓடி வாரும். என்ர பைல் ஒண்டையும் காணேல்லை."

பரமலிங்கம் கணினிக்கு முன்னால் தலையில் கைவைத்தபடி இருந்தார். பைல் என்றால் அந்தப் பட்டியலில் இருப்பதுதான் என்பது அவருடைய ஞானம். அதற்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது, எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"தண்ணிப் பவுசர் அட்டவணை, மாத அறிக்கை, எல்லாம் போட்டுதே. நான் என்னெண்டு ஐயா மேலிடத்துக்கு முகம் குடுக்கிறது?"

"போகேல்லை சேர். உள்ளுக்குத்தான் கிடக்கு. நான் எடுத்துத் தாறன்."

பெட்டியைத் திறந்து காட்டினான். தீவுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் பவுசர் லொறியின் அட்டவணை இருந்தது. மாத அறிக்கை இருந்தது. இரண்டுக்கும் நடுவில், கல்யாண வீட்டில் முன்வரிசையில் வந்து குந்திய கடன்காரன் போல, 'வாந்தி'யும் இருந்தது.

"உந்தச் சுகாதார விபரத்தை ஒருக்கால் திறவும், பாப்பம்."

"இன்னும் முடியேல்லை சேர். நாளைக்கு வடிவா அடிச்சுத் தாறன்."

அவர் எழுந்து போனதும் இரண்டாவது ஆலோசனையைப் பார்த்தான். பிறர் பார்க்கக்கூடாத கோவைகளை 'மறைவானவை' என்று குறித்துவிடலாம். குறித்தான். கணினி ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கேள்வி கேட்டது. இது மட்டுமா, இதோடு சேர்ந்த எல்லாமா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குள் றஞ்சனி வரும் சத்தம் கேட்டது. அவசரத்தில் சரி என்பதை அழுத்தினான்.

பெட்டி முழுவதும் வெறுமையாகியது.

"தாஸ் அண்ணை, நேற்று நான் அடிச்ச கடிதம் எங்கை? ஒண்டுமே இல்லையே இதுக்குள்ள."

"இருக்கு பிள்ளை, இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத பைலை நான் என்னெண்டு பிறின்ற் எடுக்கிறது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பரமலிங்கம் மறுபடியும் வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். அன்ரனிதாஸுக்கு வேர்த்து, சட்டைப் பையிலிருந்த பத்திரிகைத் துண்டும் நனைந்தது. மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி வெளியே கொண்டுவரும் வழியைத் தேடிக் கண்டுபிடித்தான். எல்லாம் வந்தன. 'வாந்தி'யும் வந்தது.

இவ்வளவு பட்டவன் பேசாமல் அந்தக் கடிதத்தை அழித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. ஆனால் இன்னொரு தரம் அந்த வசனங்களை எழுத மனதில் தெம்பு இருக்குமா என்பது அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தக் கடிதம் போனால் அவன் ஓய்வு பெறும்வரை அந்தப் படகு மூலைதான். அது வெளியே வந்தால் அப்பா கோயில் முற்றத்தில் மறுபடி வாய் திறக்க மாட்டார். 

கடைசி ஆலோசனைதான் மிச்சம். தனக்கென்று ஒரு கணக்குத் திறந்து, பாஸ்வேட் போட்டு, தன் பெட்டியைத் தனிப்பட்டதாக்கிவிட்டால் வேறு யாரும் உள்ளே போக முடியாது. படகுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. அள்ள வேண்டியதை அள்ளித் தன் பெட்டிக்குள் போட்டான். அவசரத்தில் ஒன்றை அள்ளினானா ஒன்பதை அள்ளினானா என்று பார்க்கவில்லை. பாஸ்வேட் கேட்டது. மனதில் அன்று முழுவதும் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதையே அடித்தான். மறந்துபோனால் ஞாபகப்படுத்த ஒரு துப்பும் எழுதச் சொன்னது. எழுதினான்: 'கடலில் எனக்கு வருவது'.

அந்தத் துப்பு கணினியைப் போடுகிற எல்லோருக்கும் தெரியும் என்று அதே இடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யார் வாசித்தது?

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னால் றஞ்சனியின் சிரிப்புக் கேட்டது.

"சேர், இஞ்சை வந்து பாருங்கோ. தாஸ் அண்ணை விடுகதை போட்டு வைச்சிருக்கிறார். 'கடலில் எனக்கு வருவது.' என்னவா இருக்கும்?"

"மீன்," என்றார் பரமலிங்கம்.

"மீன் அடிச்சிட்டன். திறக்குதில்லை."

"அருளப்புவின்ர மகனெல்லோ. வீரம் எண்டு அடிச்சுப் பாரும்."

திரும்பி ஓடிப்போய் மாற்றியிருப்பான். படகு கூவிவிட்டது. நாளைக்கு முதல் வேலையாக மாற்றுவது என்று நினைத்துக்கொண்டு துவாயைத் தலையில் போட்டான்.

மறுநாள் விடிந்தபோது சோழகக் காற்று அடித்தது. வீட்டுக் கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தக் காற்றில் படகு ஓடும், ஆனால் அன்ரனிதாஸ் உயிரோடு இறங்க மாட்டான். வீட்டில் எடுத்தால் அப்பாவுக்குக் கேட்கும் என்று, சந்திக் கடைக்குப் போய்க் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தான்.

"சேர், அப்பாவுக்கு நெஞ்சுக்குள்ள குத்துதாம். எழும்ப ஏலாமல் கிடக்கிறார். இண்டைக்கு நான் வர ஏலாது."

வீட்டில் அப்பா எழும்ப ஏலாமல்தான் கிடந்தார், மூன்றாவது புட்டுக்கு முன்னால். "என்ன தம்பி, இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று கேட்டார். "லீவு தந்தவை" என்றான். கிழவர் யன்னலால் காற்றைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், புட்டைத் தொடர்ந்தார்.

"இந்தக் காத்துக்கு நானெண்டால் வள்ளத்தில பாய் விரிச்சிருப்பன்," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

"ஓம், விரிச்சனீங்கள்," என்றாள் அம்மா மாக்கிறேற். "கச்சதீவுத் திருநாளுக்கு ஊரெல்லாம் வள்ளம் ஏறேக்க, முழங்கால் நோகுது எண்டு வீட்டில படுக்கிற ஆள்."

"முழங்கால் நோ வேறை, பாய் விரிக்கிறது வேறை."

பத்து மணிபோல் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்பாதான் கிட்ட இருந்தார். அன்ரனிதாஸ் அறையிலிருந்து பாய்ந்து வருவதற்குள் எடுத்துவிட்டார்.

"ஓம், அருளப்பு கதைக்கிறன்."

நெடுந்தீவிலிருந்து பேசுகிறவர்கள் தொலைபேசியை நம்புவதில்லை, கடலுக்கு மேலாலேயே கேட்கட்டும் என்று கத்துவார்கள். பரமலிங்கத்தின் குரல் அறைவாசல் வரைக்கும் வந்தது.

"நீங்களோ? எழும்பிட்டியளோ? நெஞ்சுக்குத்து எண்டல்லோ மகன் சொன்னவர்?"

அருளப்பு மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். அன்ரனிதாஸ் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"இப்ப கொஞ்சம் சுகம்," என்றார் அருளப்பு, குரலை இறக்கி.

"தாஸ் நிக்கிறாரோ?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். ஏனென்றால் என்ன கேட்கப் போகிறார் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பாவின் முன்னால், அப்பாவின் தொலைபேசியில், அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

"எனக்கு மருந்து வாங்கப் போயிட்டான், சேர்."

"பெரிய வில்லங்கம், ஐயா. தண்ணிப் பவுசர் அட்டவணை மகன்ர பூட்டின பெட்டிக்குள்ள போயிட்டுது. பவுசர்க்காரன் வாசலில நிக்கிறான், எந்தப் பக்கத்துக்கு முதல் போறது எண்டு தெரியாமல். சனம் வாளியோட நிக்குது. பாஸ்வேட் தெரிஞ்சால்தான் திறக்கலாம். ஒரு துப்பு மட்டும் எழுதி வைச்சிருக்கிறார்."

"என்ன துப்பு?"

"'கடலில் எனக்கு வருவது.' காலமையில இருந்து அடிக்கிறம். மீன் அடிச்சம். அலை, புயல், நண்டு, வீரம், விசுவாசம், மாதா... ஒண்டுக்கும் திறக்குதில்லை. நீங்கள் நாற்பது வருசம் கடலில கிடந்த ஆள். ஒருக்கால் யோசிச்சுச் சொல்லுங்கோ."

அன்ரனிதாஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது. இனி அட்டவணை திறந்தால் கடிதமும் திறக்கும். கடிதம் திறந்தால் மாலைப் படகிலேயே கதை குறிகட்டுவானுக்கு வரும், பஸ்ஸில் ஏறும், கோயில் முற்றத்தில் இறங்கும். திறக்காவிட்டால் ஒரு தீவே தண்ணீர் இல்லாமல் நிற்கும். வாயைத் திறந்து தானே சொல்லிவிடுவோம் என்று ஒரு அடி முன்னால் வைத்தான்.  அடுத்த அடி வைக்கவில்லை.

அருளப்பு சுவரில் தொங்கிய தன் தகப்பனின் படத்தைப் பார்த்தார். கரையில், வள்ளத்துக்குப் பக்கத்தில், மணலில் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்று எடுத்த படம். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தார்.  மாக்கிறேற் குசினியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தொலைபேசியை வாயோடு ஒட்டிப் பிடித்தார்.

"'வாந்தி' எண்டு அடிச்சுப் பாருங்கோ, சேர். என்ர அப்புவுக்கும் எனக்கும் அதுதான் வந்தது."