பிளாஸ்டிக் ஜன்னல் வேண்டாம், மச்சான்

அன்புள்ள மச்சான் எர்மெக்குக்கு,

நரின் மலையடிவாரத்திலிருந்து உன் அக்கா புருஷன் அசன்குல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பசுவும் கன்றும் பதினோரு ஆடுகளும் சுகம். பிஷ்கெக்கில் நீயும், வீட்டம்மாவும், பிள்ளைகளும், ஆடு மாட்டுக்குப் பதிலாக நீ வாசலில் கட்டி வைத்திருக்கும் அந்த வெள்ளைக் காரும் நலமாக இருக்க வேண்டும்.

நிற்க. சனிக்கிழமை எட்டு பிளாஸ்டிக் ஜன்னலையும் ரெண்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வருகிறாயாமே. நீ வா, ஜன்னல் வர வேண்டாம். போனில் சொன்னால் என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம். வீடு குளிர்காலத்துக்குத் தயார். எல்லாம் நானே தனியாளாகச் செய்து முடித்தேன், எந்தக் குறையும் இல்லை.

குளிர்காற்று நுழையாமல் ஜன்னல் இடுக்குக்கு ஒட்டும் காகிதப் பட்டைகளைப் பழைய பள்ளிக்கூட நோட்டுகளில் இருந்து வெட்டினேன், மாவுக் கூழும் நானே காய்ச்சினேன், கூழில் உப்புப் போட்டால் எலி அண்டாது என்று எனக்கே ஒரு யோசனை தோன்றி ரெண்டு கை அள்ளிப் போட்டேன். எலி அண்டவில்லை, உண்மை. ஆனால் கன்றுக்கு இருமல் என்று ஒருநாள் உள்ளே கட்டியிருந்தேன், அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மூணு ஜன்னலைச் சுத்தமாக நக்கித் தின்றுவிட்டது, இருமலும் நின்றது. மறுபடி ஒட்டினேன். அப்புறம் புகைபோக்கி. கயிற்றில் செங்கல்லைக் கட்டி மேலிருந்து விட்டுக் கரியைத் தட்ட வேண்டும், அதுதானே வழக்கம், விட்டேன், கயிறு அறுந்தது, செங்கல் பாதியில் சிக்கிக்கொண்டது, அதைத் தள்ள இன்னொரு செங்கல் போட்டேன், இப்போது ரெண்டும் உள்ளே இருக்கின்றன. ஆனாலும் அடுப்பு எரிகிறது, புகையில் பாதி வெளியேயும் போகிறது.

பக்கத்து வீட்டு சோனுன் டீ குடிக்க வந்தாள். என்னிடம் கணக்குப் படித்தவள்தான், இப்போது பேரன் எடுத்துவிட்டாள். ஜன்னலையே உற்றுப் பார்த்தவள் திடீரென்று எழுந்துவிட்டாள்.

"ஐயா, இது என் நோட்டு! அஞ்சுக்கு ரெண்டுன்னு செவப்பு மையில போட்டிருக்கீங்க!"

"போட்டா என்ன, தப்பாத்தானே போட்டிருந்தே?"

"அதுக்காக? நாப்பது வருஷம் கழிச்சுத் தெருவுக்குத் தெரியிற மாதிரி ஒட்டி வைப்பீங்களா? கிழிங்க, இல்லேன்னா நாளையிலேர்ந்து பால் கறக்க வர மாட்டேன்!"

கிழித்தேன். அவள் தம்பியின் நோட்டை ஒட்டினேன். அவனுக்கு ஒண்ணு.

சரி, எர்மெக், மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ஏழு ஜன்னலை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். படுக்கையறை ஜன்னலைத் தொடாதே. போன அக்டோபரில் உன் அக்கா ஒட்டியது அது. நிற்கத் தெம்பில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கீழ்ப் பாதியை ஒட்டினாள். மேல் பாதியை நான் ஒட்ட, "கோணல், கோணல்" என்று நாலு தரம் பிரிக்க வைத்தாள். பிப்ரவரியில் போய்விட்டாள். பனி உருகி ஊரே காகிதத்தைக் கிழித்து ஜன்னலைத் திறந்தபோது நானும் ஏழு ஜன்னலைத் திறந்தேன். அதைத் திறக்கவில்லை. ஜூலையில் அந்த அறையில் ரொட்டியே சுடலாம், ஆனாலும் அங்கேதான் படுத்தேன். ஓரத்துக் கூழில் என் குல்சைராவின் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு இந்த வீடு பிடிக்கவில்லை, ஆனால் அந்த ஜன்னல் வரைக்கும் அவள் இருக்கிறாள். வேண்டாம் மச்சான். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், பிள்ளைகள் உன்னைவிட உயரமாக வளரட்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை.

இப்படிக்கு,
அசன்குல்

பி.கு.: கடிதத்தை வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்ப சோனுன் வந்தாள். "என்ன புகை ஐயா, செத்துத்தான் போவீங்க!" என்று நேராகப் படுக்கையறைக்குப் போய், நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பட்டையைச் சர்ரென்று ஒரே இழுப்பில் உரித்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன். அப்போது இடுக்கில் அடைத்திருந்த துணி கீழே விழுந்தது. என் பச்சை ஸ்வெட்டர்! நீ வாங்கிக் கொடுத்ததுதான். போன குளிர்காலம் முழுக்கத் தேடினேன். நாய் தூக்கிக்கொண்டு போனதை ரெண்டு கண்ணாலும் பார்த்ததாக உன் அக்கா சத்தியம் செய்தாளே! நீளநீளமாக வெட்டி அடைத்து வைத்திருக்கிறாள். அந்தப் பச்சை அவளுக்கு என்றைக்குமே பிடிக்காது. அழுதுகொண்டே சிரித்தேன், சோனுன் பயந்துவிட்டாள்.

ஆகவே சனிக்கிழமை எட்டையும் கொண்டு வா. முடிந்தால் வெள்ளியே கிளம்பு. விரல் நுழைகிற இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வருகிறது, இந்தத் துணியை மறுபடி அங்கே திணிக்க எனக்கு மனசு வரவில்லை.