சாண் குறைந்த சாண்ட்விச்

அங்கிள் லோஃப் சாண்ட்விச் கம்பெனியை மண்டி போட வைத்தே தீருவது என்று ரூபேந்திரன் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு. இடம், ஜொகூர் மாநிலத்தில் யோங் பெங் நெடுஞ்சாலை டோலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கம்பெனியின் கிளைக்கு வெளியே, அவருடைய பழைய காருக்குள். மடியில் கோழி சாண்ட்விச். கையில் வெர்னியர் அளவுகோல்.

சாப்பிடுகிற இடத்தில் அளவுகோல் எதற்கு என்றால், அது அவர் தொழில். ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற மேற்பார்வையாளர். இருபத்தாறு வருஷமாக பாட்டில் மூடிகளை அளந்துகொண்டிருக்கிறார். மூடி அரை மில்லிமீட்டர் தப்பினால் ஒரு லாரி சரக்கையே திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில்தான் எதையும் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஓட்ஸ் தோசை வந்தால் ஓட்ஸ் தோசை. பாகற்காய் வந்தால் பாகற்காய்.

போன வருஷம் அவருக்குச் சர்க்கரை வந்தது. அன்றைக்கே வீட்டைவிட்டுச் சர்க்கரை போனது. கூடவே வெள்ளை அரிசி, பூரி, கறிபாப், ரொட்டி எல்லாம் வரிசையாக வெளியேறின. வெளியேற்றியவர் மனைவி சாந்தினி. யோங் பெங் அரசு கிளினிக்கில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர். ஊரில் பாதிப் பேருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்த கை அது. நாசி லெமாக் கடைக்காரருக்கு இரத்த அழுத்தம், ரொட்டி சானாய் கடைக்காரருக்குக் கொலஸ்ட்ரால். ரூபேந்திரன் எந்தக் கடையில் கால் வைத்தாலும், "அங்கிள், மிஸஸ்ஸுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்பார்கள்.

மிச்சம் இருந்த ஒரே புகலிடம் அங்கிள் லோஃப். அங்கே வருகிறவர்கள் எல்லாம் நெடுஞ்சாலைப் பயணிகள். யாருக்கும் யாரையும் தெரியாது. அதனால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பாடாங் திடலில் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, விளையாட்டுச் சப்பாத்து மாட்டிக்கொண்டு கிளம்புவார். சாண்ட்விச் முடிந்ததும் பெட்ரோல் நிலையக் குழாயில் சட்டையை நனைத்து, நெற்றியில் நாலு சொட்டுத் தெளித்து, மூச்சு வாங்கிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார்.

"எத்தனை ரவுண்டு?" என்று சாந்தினி கேட்பார்.

"ஆறு. கடைசி ரவுண்டு ஓடிட்டேன்."

"பார்த்துங்க. உடம்பு இளைச்சிடப் போகுது."

இவ்வளவு பாடுபட்டுச் சாப்பிடுகிற சாண்ட்விச், மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டு வந்தால் மனுஷன் என்ன செய்வான்? அன்றைக்கு ரொட்டியைத் தூக்கிக் கோழியை அளந்தார். ஒன்று புள்ளி ஒன்பது மில்லிமீட்டர். போன மாதம் இரண்டரை இருந்தது. அவர் நினைவில் நிற்கிற பொற்காலத்தில் நாலுக்குக் குறைந்ததே இல்லை. இது கோழி இல்லை, கோழியின் பாஸ்போர்ட் போட்டோ. தக்காளியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் டோல் தெரிந்தது. ரொட்டியோ தொட்டால் குழந்தைக் கன்னம், கடித்தால் குளியலறைப் பஞ்சு.

சாண்ட்விச்சைக் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கவுன்டரில் தேன்மொழி நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது.

"தங்கச்சி, இது என்ன?"

"சாண்ட்விச், அங்கிள்."

"சாண்ட்விச்சுன்னு பேர் வச்சா ஒரு சாணாவது இருக்கணும். இதுக்கு விரல்விச்சுன்னு பேர் வைங்க."

"பெரிய சைஸ்தான் அங்கிள் குடுத்தேன்."

"அப்ப சின்ன சைஸ் எப்படி இருக்கும்? கண்ணாடி போட்டாத்தான் தெரியுமா?"

"அங்கிள், முன்ன மாதிரி இங்க ரொட்டி சுடறது இல்ல. கோலாலம்பூர்ல சுட்டு, ஐஸ்ல வச்சு லாரில அனுப்பறாங்க. கோழியும் வெட்டியே வருது. நாங்க அடுக்குறது மட்டும்தான். ஹெட் ஆபீஸுக்கு எழுதிப் போடுங்க லா."

எழுதிப் போட்டார். சும்மா எழுதவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம், வாங்கிய ஒவ்வொரு சாண்ட்விச்சையும் அளந்து, படம் எடுத்து, தேதி, கிழமை, நேரம் குறித்து, பதினாலு பக்கத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்தார். மொத்தம் நாற்பத்து மூன்று சாண்ட்விச். பாட்டில் மூடிக்குக்கூட அவர் இவ்வளவு அழகாக அறிக்கை எழுதியதில்லை.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் புகார் கொடுக்க உறுப்பினர் எண் கேட்டது. உறுப்பினர் அட்டை சாந்தினி பேரில் இருந்தது. மகள் சிந்துஜா பினாங்குக்குப் படிக்கப் போவதற்கு முன்னால், இலவச ஐஸ்கிரீமுக்காக அம்மா பேரில் எடுத்துக் கொடுத்த அட்டை. ரூபேந்திரன் யோசித்தார். இதுவும் நல்லதுதான். தன் பேர் வெளியே வராது. கம்பெனிக்குக் கோபம் வந்தால் சாந்தினி மேல் வரட்டும். சாந்தினி மேல் கோபப்பட்டு ஜெயித்த ஆள் இதுவரை ஜொகூரில் இல்லை. பதில் வருவதற்கென்று ஒரு புது ஈமெயில் திறந்து கொடுத்துவிட்டு, பொத்தானை அமுக்கினார்.

உறுப்பினர் எண்ணைப் போட்டதும் அதோடு சேர்த்துப் பதிந்திருந்த தொலைபேசி எண்ணும் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டதை அவர் கவனிக்கவில்லை. இருபத்தாறு வருஷத் தரக் கட்டுப்பாட்டில் அவர் தவறவிட்ட ஒரே விஷயம் அதுதான்.

இரண்டு வாரம் ஈமெயிலைத் திறந்து திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு கார் நின்றது. பக்கவாட்டில் அங்கிள் லோஃப் என்று எழுதி, தொப்பி போட்ட ஒரு தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர், கையில் பெரிய பரிசுக் கூடையோடு இறங்கினார்.

"வணக்கம் சார். நான் கமலநாதன், அங்கிள் லோஃப் ஏரியா மேனேஜர். மேடம் சாந்தினி இருக்காங்களா? போன்ல பேசியிருந்தோம்."

ரூபேந்திரனின் வாய் 'ஐயோ, அலமாக்' என்று அசைந்தது. அதற்குள் சாந்தினி கோயிலுக்குப் போகிற புடவையில் வந்து நின்றார். மேசையில் மூன்று கோப்பைகள் ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தன.

"வாங்க தம்பி, உட்காருங்க. இவரு என் வீட்டுக்காரரு. சர்க்கரை இருக்கு. ரொட்டியத் தொடவே மாட்டாரு."

"ஐயோ பாவம்," என்றார் கமலநாதன். பையிலிருந்து பதினாலு பக்க அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். "மேடம், எங்க கம்பெனில இந்த மாதிரி ஒரு புகாரை யாரும் பார்த்ததில்ல. பெரிய முதலாளியே ரெண்டு தடவை படிச்சாரு. மூணு மாசத்துல நாப்பத்து மூணு சாண்ட்விச் சாப்பிட்டிருக்கீங்க. ஜொகூர்லயே நீங்கதான் முதல்."

"அப்படியா? எனக்கே தெரியாம போச்சே," என்றார் சாந்தினி. பார்வை மட்டும் கணவர் பக்கம் திரும்பியது. "என்னென்ன நாளுன்னு கொஞ்சம் படிங்க தம்பி."

"செவ்வாய், வியாழன், சனி. எல்லாமே சாயங்காலம் ஆறேகால். நடுவுல சில வாரம் ஞாயிறும் போயிருக்கீங்க."

"ஞாயிறுமா?"

"ஆமா மேடம்."

"என்னங்க, ஆறேகால் நீங்க பாடாங்குல ரவுண்டு போற நேரமில்ல?"

"ம்," என்றார் ரூபேந்திரன்.

"அதான். நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் போயிருக்கேன். மன்னிச்சுக்குங்க, உங்களுக்குத் தெரியாம சாப்பிட்டுட்டேன்."

"பரவால்ல," என்றார் ரூபேந்திரன். வேறு என்ன சொல்வது?

கமலநாதன் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "இன்னொரு சந்தேகம் மேடம். எல்லாப் படத்துலயும் ஒரு கட்டைவிரல் வருது. கொஞ்சம் பருமனா, முடியோட."

"அது எங்க வீட்ல ஒரு ஆளு. நான் சாப்பிடறப்ப அளவுகோல் பிடிக்கறதுக்கு வச்சிருக்கேன்."

ரூபேந்திரன் இரண்டு கட்டைவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"நீங்க ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்கீங்க?" என்று சாந்தினி அக்கறையோடு கேட்டார். "இன்னிக்கு நடக்கவே போகலியே."

"காத்து இல்ல."

"மின்விசிறி அஞ்சுல ஓடுது."

கமலநாதன் கம்பெனியின் கஷ்டங்களைச் சொல்லத் தொடங்கினார். கடை வாடகை ஏறிவிட்டது. மாவு ஏறிவிட்டது. ஒவ்வொரு கிளையிலும் ரொட்டி சுட்டால் ஆள் கூலி கட்டுப்படி ஆகவில்லை. "எல்லாக் கம்பெனியும் இப்ப அப்படித்தான் மேடம். கொஞ்சமாத்தான் குறைச்சோம். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நினைச்சோம்."

ரூபேந்திரனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அதுக்காக ஒண்ணு புள்ளி ஒன்பது மில்லிமீட்டரா? கோழிய வெட்டறீங்களா, சீவறீங்களா?"

கமலநாதன் அறிக்கையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சாருக்கு அந்த அளவு எப்படித் தெரியும்?" என்றார் கமலநாதன்.

"நான் தூக்கத்துல உளறுவேன் தம்பி," என்றார் சாந்தினி. "பாவம், மூணு மாசமா மனசுல பாரத்தோட படுக்கறேன். நீங்க மேல சொல்லுங்க."

மேலே சொன்னதைக் கேட்டதும் ரூபேந்திரனுக்கு நாற்காலியை விட்டுத் துள்ளி எழ வேண்டும் போல இருந்தது. முதலாளி இறங்கி வந்துவிட்டாராம். சோதனையாக யோங் பெங் கிளையில் மட்டும் பழைய முறைக்கே திரும்பப் போகிறார்களாம். ரொட்டி கடையிலேயே சுடப்படும். கோழி நாலு மில்லிமீட்டர். தக்காளி, தக்காளி மாதிரி இருக்கும். புகார் கொடுத்தவர் திருப்தி என்று ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

சாந்தினி பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"நாலு மில்லிமீட்டர் அதிகமில்லையா தம்பி? நான் கிளினிக்ல வேலை செய்யறவ. ஊர்ல இருக்கறவங்க உடம்பையும் பார்க்கணுமே."

"போடு மா," என்றார் ரூபேந்திரன். தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "ஊர் சனங்களுக்காகப் போடு."

"ஊர் சனங்களுக்காகவா?"

"ஆமா. எனக்கு என்ன இருக்கு இதுல? நான்தான் ரொட்டியே தொடறதில்லையே."

"நீங்களே சொல்லிட்டீங்க. உங்க வார்த்தைக்காகப் போடறேன்," என்று சாந்தினி கையெழுத்துப் போட்டார். கமலநாதனுக்கு ஒரே சந்தோஷம். கம்பெனிப் பத்திரிகைக்கு என்று இருவரையும் பரிசுக் கூடையோடு நிற்க வைத்துப் படம் பிடித்தார். ரூபேந்திரன் வாயெல்லாம் பல்லாக நின்றார். பிறகு கோப்பைகளைக் கழுவ அவரே உள்ளே எடுத்துக்கொண்டு போனார். சாந்தினி வாசல் கேட்வரை போய், மேனேஜரிடம் ஐந்து நிமிஷம் ஏதோ பேசி அனுப்பிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு பூகம்பம் வரும் என்று ரூபேந்திரன் காத்திருந்தார். வரவில்லை. சாந்தினி பரிசுக் கூடையைப் பிரித்து, பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போட்டார். மதியம் கீரை கடைந்தார். சாயங்காலம் மகளோடு போனில் பேசினார். ஒரு வார்த்தை இல்லை, ஒரு முறைப்பு இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ரூபேந்திரன் ஒரு முடிவுக்கு வந்தார். மனைவிக்கு உண்மை தெரியாது. அல்லது தெரிந்தும் மன்னித்துவிட்டாள். எது ஆனாலும் தனக்கு ஜெயம். ஒரு கம்பெனியை ஒற்றை ஆளாக வளைத்தவன் யோங் பெங்கில் வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த மாதம் முதல் தேதி வியாழக்கிழமை. பழைய முறை ஆரம்பிக்கும் நாள். ரூபேந்திரன் வேலையிலிருந்து அரை மணி முன்னாடியே கிளம்பிவிட்டார். டோலுக்கு இந்தப் பக்கமே ரொட்டி சுடுகிற வாசனை கார்க் கண்ணாடிக்குள் புகுந்தது. கடைக்கு வெளியேவரை வரிசை. உள்ளே சுவரில் சாந்தினியின் பெரிய படம், 'ருசியை மீட்டுத் தந்த வாடிக்கையாளர்' என்ற எழுத்தோடு. வரிசையில் நின்ற ஒரு லாரிக்காரர் தன் சாண்ட்விச்சை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தார். ஒரு கையில் பிடிக்க முடியவில்லை. ரூபேந்திரனுக்குப் பெருமையில் கண் கலங்கியது. இது என் கோழி, என் நாலு மில்லிமீட்டர் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இருபது நிமிஷம் நின்று கவுன்டருக்கு வந்தார். "தங்கச்சி, பெரிய கோழி ஒண்ணு. இல்ல, ரெண்டாப் போடு."

தேன்மொழி ரொட்டியை எடுக்கவில்லை. சங்கடமாக நெளிந்தாள். பிறகு கவுன்டரின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினாள். கமலநாதன் எடுத்த அதே படம்தான். அதில் சாந்தினியை வெட்டி எடுத்துவிட்டு, ரூபேந்திரனை மட்டும் பெரிதாக்கி இருந்தார்கள். அதே சிரிப்பு, வாயெல்லாம் பல். கீழே தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் நாலு மொழியிலும் எழுதியிருந்தது: 'இவருக்குச் சர்க்கரை. ரொட்டி கொடுக்க வேண்டாம்.'

"எல்லா ஷிஃப்டுக்கும் சொல்லி வச்சிருக்காங்க அங்கிள். பத்து பகாட், குளுவாங் கிளைக்கும் அனுப்பியாச்சு. கையெழுத்துக்குப் பதிலா ஆண்ட்டி கேட்டது இது ஒண்ணுதானாம்."

ரூபேந்திரன் படத்தைப் பார்த்தார். சூட்டடுப்பில் பொன்னிறத்தில் உப்பிக்கொண்டிருந்த ரொட்டியைப் பார்த்தார். பின்னால் வரிசை முனகத் தொடங்கியது.

தேன்மொழிக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "வேணும்னா அந்த ஓரமா நின்னு மோந்து பார்த்துட்டுப் போங்க அங்கிள்," என்றாள். "அதுக்கு ஆண்ட்டி ஒண்ணும் சொல்லல."