காரத்துக்குச் சாட்சி

உலகக் கார மிளகாய் ஆர்வலர் சங்கம் (பதிவு பெற்றது), மதுரைக் கிளையின் ஆண்டுக் கூட்டம் வழக்கம்போல் செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் நடந்தது. வேறெங்கும் கிளை கிடையாது. தலைமையகமும் கிடையாது.

இந்த வருஷம் மிகக் கார மிளகாய்க்கான பட்டம் தனக்குத்தான் என்று பத்ரிநாத் இருந்தார். சேலை வியாபாரத்தைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, மொட்டைமாடியில் கரோலினா ரீப்பர் என்ற, உலகிலேயே காரமான மிளகாய்ச் செடி ஒன்றுக்கு வெயிலில் குடை பிடித்தவர் அவர். வீட்டில் ரசத்துக்கே தண்ணீர் கேட்பார். அது வேறு விஷயம்.

தலைவர் அனந்தராமன் அந்தச் செடியில் பழுத்த மிளகாயில் நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டார். முகம் சிவந்தது. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. கை சொம்பைத் தேடிக் காற்றில் துழாவியது.

"எப்படிண்ணே இருக்கு?" செயலாளர் விஸ்வநாத் பேனாவைத் திறந்தார்.

தலைவர் மேசையைக் குத்தினார். விக்கினார்.

"வாயால சொல்லணும்ணே. விதி ஏழு. வாய்மொழிச் சாட்சியம் மட்டுமே ஏற்கப்படும். கண்ணீர், விக்கல், சைகை முதலியன செல்லாது."

தலைவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

'நடுவர் கருத்துக் கூற மறுத்துவிட்டார்' என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

அடுத்தது பேரையூர் மருதுவின் மிளகாய். துணைத்தலைவர் வெங்கடேஷ்பாபு நிதானமாக மென்றார். "அடேயப்பா! நாக்குல நெருப்பு வச்ச மாதிரி இருக்கு. இன்னொண்ணு இருந்தாக் குடுங்க."

"அண்ணே, அது பஜ்ஜி மிளகாய்ண்ணே!" பத்ரிநாத் எழுந்துவிட்டார்.

"இருக்கட்டுமே. சாட்சி இருக்குல்ல?" என்றார் செயலாளர்.

"ஒரு ஆளு சாட்சி எப்படிச் செல்லும்? என்னோடத எல்லாரும் தின்னுங்க. நானும் திங்கறேன். இம்புட்டுப் பேர்ல ஒருத்தருக்காவது வாய் வராமலா போயிரும்?"

"தாராளமா. குறிப்பெழுதுறவன் மட்டும் திங்கக் கூடாது. விதி ஒன்பது."

எல்லோரும் தின்றார்கள். சற்று நேரத்தில் கீழே ஓடும் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"பத்ரிநாத் மிளகாயில் காரம் உண்டு என்போர் குரல் கொடுக்கலாம்" என்று செயலாளர் அறிவித்தார்.

ஒரு குரலும் இல்லை.

"தோற்றது. அடுத்த தீர்மானம். தலைவரின் உடல்நிலை கருதி அவருக்கு ஓய்வளித்து, அடியேனை ஆயுட்காலத் தலைவராக நியமித்தல். ஆட்சேபிப்போர் குரல் கொடுக்கலாம்."

பத்ரிநாத் இரண்டு கைகளையும் தூக்கினார். மருது நாற்காலியைத் தூக்கினார்.

"சைகை செல்லாது. ஏகமனதாக நிறைவேறியது."

புதிய தலைவரின் முதல் உத்தரவுப்படி மோர் வந்தது. பேச்சு திரும்பியதும் கேட்க வேண்டிய கேள்விகளைப் பத்ரிநாத் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே குடித்தார். தம்ளர் காலியானது. தொண்டை மெல்லத் திறந்தது. நேராக விஸ்வநாத்திடம் போய் நின்றார்.

"இன்னொரு தம்ளர் கிடைக்குங்களா, தலைவரே?"

அவருக்குப் பின்னால் சங்கம் முழுவதும் வரிசையில் நின்றது.