இப்படிக்கு, முழு விருப்பத்துடன்

அந்தக் கைதட்டலை நினைத்தால் கஜபதிக்கு இப்போதும் வயிற்றெரிச்சல்தான்.

ஆவடி குவார்ட்டர்ஸில் குடியரசு தினப் பட்டிமன்றம். பெண்ணுக்குச் சம உரிமையை அரசியல் சாசனத்தில் எழுதி வைத்தால்தான் ஆச்சா, ஆண்பிள்ளை மனசு வைத்தால் போதாதா? "மனசே போதும்! எதற்கு எழுத்து?" என்று முழங்கினார். கைதட்டலும் விசிலும் பறந்தன. அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம்.

மனைவி பஞ்சவர்ணம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மனசு நிறைய கீதுல்ல? ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன்."

"புருசன் பொஞ்சாதிக்குள்ள எழுத்து இன்னாத்துக்கு?"

"ஃபேக்டரில உனக்கு வாய்வார்த்தையாவா வேலை குடுத்தாங்கோ?"

ரோஷம் வந்துவிட்டது. வீட்டுச் சாசனம் எழுதினார். 'ஆணும் பெண்ணும் சமம். வீட்டு வேலையும் சமம்.' எழுதியதும் பயமும் வந்தது. அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'சம்பள வேலைக்குப் போகிறவருக்கு மட்டும் அடுப்படியிலிருந்து விலக்கு.' பிப்ரவரிக் கடைசியில் தாம் ரிட்டயர் ஆகப்போவது அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை. முப்பத்தாறு வருஷம் ஃபேக்டரிக்குப் போன பழக்கம்.

மார்ச் முதல் தேதி. கஜபதி காபிக்குக் காத்திருந்தார். பஞ்சவர்ணம் கைப்பையோடு வந்து செருப்பை மாட்டினாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"வேலப்பன்சாவடி. லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டன் வேலை. உன் சட்டப்படி எனக்கு விலக்கு. அரிசி ஊறிக்கினு கீது, பார்த்துக்க."

"இரு, இரு! எனக்கு இதுல விருப்பமில்ல!"

சொன்ன வாய்க்கே சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் அவளுக்குத் தையல் வேலைக்கு நியமன உத்தரவு வந்தது. அதை மறைத்துவிட்டு, 'எனக்கு விருப்பமில்லை' என்று அவள் பெயரில் இவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஆபீஸ் பழக்கத்தில் நகல் ஒன்றை ஃபைலிலும் வைத்தார். வேலை வரவில்லையே என்று அவள் அழுதபோது ஆறுதல்கூடச் சொன்னார். எவ்வளவு பெரிய பாவம்! இருபத்தெட்டு வருஷம் கழித்து, அரிசி ஊறும்போதுதான் அது உறைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார்.

அதற்குள் அவள் சாசனத்தை நீட்டினாள். கடைசியில் அவளுடைய குண்டு எழுத்து: 'மேற்படி விலக்கில் எனக்கு முழு விருப்பம். இப்படிக்கு, கஜபதி.'

"இன்னா பஞ்சு இது? நான் எப்போ கையெழுத்துப் போட்டேன்?"

"உனக்கு இன்னாத்துக்கு செரமம்னு நானே போட்டுட்டேன்யா. உன்ன மாதிரியே நகல் எடுத்து ஃபைல்லயும் வச்சிட்டேன்."