சமையலறைப் பக்கம் சாயும் வண்டி

குவார்ட்ஸைட் பாலைவனம், அரிசோனா
பிப்ரவரி 26

பெருமதிப்பும் அதைவிடப் பேரன்பும் உரிய கொர்னீலியா அக்காவுக்கு,

தம்பி வெர்லின் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி லவோன், வண்டியின் ஆறு டயர்கள் எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும், அத்தானும், அத்தானின் வலது முழங்காலும் சௌக்கியமாக இருக்கவேண்டுமென்று தினமும் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறோம். அயோவாவில் இன்னும் வாசல் தெரியாத அளவுக்குப் பனி கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையடிக்கிற நிலையில் நான் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன செப்டம்பரில் வீட்டை விற்றுவிட்டு நாங்கள் மோட்டார் ஹோமில், இந்தச் சக்கர வீட்டில், ஏறிய அன்று, நீ உன் வாசலில் நின்றுகொண்டு, "லவோனை அவ ஓவன்கிட்டேருந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போறே. ஆறு மாசத்துல வாடிப் போயிடுவா, பாரு" என்றாய். நான் கோபித்துக்கொண்டு கைகூட அசைக்காமல் வண்டியைக் கிளப்பினேன். அக்கா, ஆறு மாசம் இன்னும் முடியவில்லை. நீ சொன்னது சரி. முப்பத்துநாலு வருஷம் தபால் பை சுமந்தவன், இந்த மூன்று வார்த்தையைச் சுமந்துவந்து உன்னிடம் சேர்க்க எவ்வளவு சிரமப்பட்டிருப்பேன் என்று நீயே நினைத்துக்கொள்.

கிளம்பும்போது எனக்கும் அவளுக்கும் ஓர் ஒப்பந்தம். மார்ச் முதல் தேதி அவள் தன் முடிவைச் சொல்வாள். வண்டியிலேயே தொடர்வதா, ஊர் திரும்புவதா என்பது அவள் இஷ்டம். எதைச் சொன்னாலும் நான் மறுபேச்சு பேசக்கூடாது. இன்னும் மூன்றே நாள். எனக்கோ இந்த வாழ்க்கை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் நாற்பத்தொரு வருஷம் நமது தேவாலயத்துக்கே இலவங்கப்பட்டை பன் சுட்டுப்போட்ட மனுஷியை, அவள் கை வாசனையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

எல்லாம் இந்த வண்டியோடு வந்த கேஸ் ஓவனால் வந்த வினை. பார்க்க ஓவன் மாதிரிதான் இருக்கும், அளவு மட்டும் நம் வீட்டு ரொட்டிப் பெட்டி அளவு. அதைப் பற்றவைக்க வேண்டுமென்றால் தரையில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே நுழைத்து, ஒரு கையால் குமிழை அழுத்திப் பிடித்தபடி இன்னொரு கையால் நீளத் தீமூட்டியைக் கடைசி மூலை வரை நீட்டி, அறுபது வரை எண்ண வேண்டும். ஐம்பத்தெட்டில் அணைந்துவிடும். வண்டியின் நடைபாதை குறுகல் என்பதால் என் கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்படித்தான் ஒருநாள் பக்கத்து வண்டிக்காரர் டெல்பர்ட், வயோமிங்காரர், நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து, கேள்வி கேட்காமல் இரண்டு காலையும் பிடித்து மணலுக்கு இழுத்துப் போட்டுவிட்டார். நான் அப்போது ஐம்பத்தொன்பதில் இருந்தேன்.

அவ்வளவு பாடுபட்டுப் பற்றவைத்தால், பன் அடியில் கரி, மேலே பச்சை மாவு. தீ அடியிலிருந்து மட்டும் வருகிறது, கீழே ஒரு தரை ஓடு வைத்தால் சூடு பரவும் என்று இந்தப் பாலைவன வண்டி முகாமில் சொன்னார்கள், வைத்தேன், அடுத்த மேட்டுப் பாதையில் ஓடு நாலாக உடைந்து நாலு மைலுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தது. லவோன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு எனக்கு முன்னால் தட்டை வைப்பாள். நானும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுவேன். வீட்டில் இருந்தவரை அவளுக்கு இப்படி ஒரு பன் கருகியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

சரி, பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாமென்று முடிவு செய்தேன். அதில்தான் முகாமே இரண்டாகப் பிளந்தது. ஒரு கட்சி டெல்பர்ட்டுடையது, கேஸ் கட்சி. இன்னொரு கட்சி அலபாமாவிலிருந்து வந்திருக்கும் நடீனுடையது. அவள் வண்டியில் கன்வெக்‌ஷன் ஓவன் இருக்கிறது, அதாவது உள்ளே ஒரு விசிறி சுழன்று சூட்டை நாலு பக்கமும் விரட்டும் மின்சார ஓவன். கேக் எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தில் வரும், யாரும் தரையில் படுக்க வேண்டியதில்லை என்பது அவள் வாதம். என் முதுகு உடனே நடீன் கட்சியில் சேர்ந்துவிட்டது. ஆனால் டெல்பர்ட் விடவில்லை. "இந்தப் பாலைவனத்துல கரண்டு எங்கய்யா இருக்கு? அந்தப் பெட்டிய வாங்கித் தலைக்கு வெச்சுப் படுத்துக்கோ" என்றார். அதுவும் நியாயம்தான். ஜெனரேட்டர் ஓடினால்தான் அது ஓடும். கேஸ் என்றால் சிலிண்டரில் இருக்கும்வரை எந்த மலையுச்சியிலும் எரியும். நான் மூன்று வாரம் தூக்கமில்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டேன். லவோனைக் கேட்டால், "உனக்கு எது சௌகரியமோ" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வேன்.

கடைசியில் நானே ஒரு போட்டி வைத்தேன். ஜனவரி முதல் சனிக்கிழமை, முகாமில் எல்லாரும் அவரவர் சமைத்ததைக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் நாள். மிளகாய்போட்ட பீன்ஸ் குழம்பு என் பொறுப்பு. அதில் தொட்டுச் சாப்பிடும் பன்னுக்கு லவோன் ஒரே மாவைப் பிசைந்து இரண்டாகப் பிரித்து, பாதியை டெல்பர்ட்டின் கேஸ் ஓவனுக்கும் பாதியை நடீனின் விசிறி ஓவனுக்கும் கொடுத்தாள். முப்பது பேர் நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வண்டியில் அலமாரி போதாது என்பதால், ஓவனில் சுடாத நேரத்தில் எல்லாரும் அதில் எதையாவது திணித்துவைப்பார்கள், சட்டி, ரொட்டி, செருப்பு, வரிக் காகிதம் என்று. டெல்பர்ட் தன் ஒரே நல்ல தொப்பியை, அகல விளிம்புக் கம்பளித் தொப்பியை, தூசி படாமல் ஓவனின் அடித்தட்டில் உள்ளே தள்ளி வைத்திருந்தார். சூடேற்றும்போது அது நினைவுக்கு வரவில்லை. புகை வந்தபோது அவர், "பன் வேகுது, வாசனை வருது பாருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்தப் பக்கம் நடீனின் ஓவன் அருமையாகச் சுழன்றுகொண்டிருந்தது. குளிர்கிறதென்று அவள் புருஷன் ஹீட்டரைப் போட்டு, காபி இயந்திரத்தையும் தட்டிவிட்டான். ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமி நின்றது. மறுபடி கிளப்பினார்கள், மறுபடி நின்றது. இப்படி மூன்று தடவை வெந்து ஆறிய பன், பன்னாகவும் இல்லை, மாவாகவும் இல்லை. கடைசியில் கேஸ் கட்சி பன்னில் தொப்பி வாசனை, விசிறி கட்சி பன் பல்லில் ஒட்டியது. முப்பது பேரும் மரியாதைக்கு மென்றார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். லவோன் வண்டிச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள், ஏப்ரனால் வாயைப் பொத்தியிருக்கிறாள், தோள் இரண்டும் குலுங்குகிறது. அக்கா, கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவள் பொது இடத்தில் அழுது நான் பார்த்ததில்லை. கிட்டே போய்த் தோளில் கை வைத்தேன். "விடு வெர்லின், என்னப் பாக்காத" என்றாள், முகத்தைக் காட்டாமல்.

அதற்கப்புறம் அவள் மாறிவிட்டாள். மறுநாள் நான் ஓவனைப் பார்க்கப் போனபோது குறுக்கே வந்து நின்றாள். "இனிமே அதத் தொடாத. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். இரண்டு மாசமாகக் கதவு மூடியே கிடக்கிறது, ஏதோ சமாதி மாதிரி. மாவு உருட்டும் கட்டையை நடீனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். காலையில் காபி குடித்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாகப் பாலைவனத்தில் நடக்கப் போகிறாள், இரண்டு மணி நேரம். தலை நிமிர்வதில்லை, கண் தரையிலேயே இருக்கிறது. நானும் வருகிறேனே என்றால், வேண்டாம், உனக்கு முதுகு வலி என்கிறாள்.

போதாக்குறைக்கு வண்டி வேறு சமையலறைப் பக்கமாகச் சாய்கிறது. என் எடைக் கணக்கு உனக்குத் தெரியும். வண்டி தாங்குகிற எடைக்கு மேல் ஒரு அவுன்ஸ் ஏற விடமாட்டேன் என்று கிளம்பும்போதே குளியலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தேன், அவள் சமையல் புத்தகம் ஏழில் ஐந்தை உன் வீட்டில் இறக்கினேனே. அப்படியிருந்தும் சாய்கிறது. மணல்தான் உள்வாங்குகிறது என்று டயருக்கு அடியில் கட்டை வைக்கிறேன், ஒரு வாரத்தில் மறுபடி சாய்கிறது. முட்டையை மேசையில் வைத்தால் நேரே ஓவனைப் பார்த்து உருளுகிறது. வண்டிகூட அவள் துக்கத்தின் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ சிரிப்பாய். சிரி.

ஆகவே அக்கா, தயவுசெய்து உன் மாடி அறையை ஒழித்துவை. அங்கே இருக்கும் உன் தையல் இயந்திரத்தை எங்கே நகர்த்துவது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். உன் கராஜில் போர்வை போட்டு வைத்திருக்கும் லவோனின் பழைய வீட்டு ஓவனைத் தூசி தட்டி வை. நாளைக் காலை அவள் நடக்கப் போனதும் இந்தக் குட்டி ஓவன் இருக்கும் குழியை அளந்துவிட்டு, கேஸோ விசிறியோ, எது உள்ளே நுழையுமோ அதைக் கடைசி முயற்சியாக வாங்கி வைக்கப் போகிறேன். அதற்கும் அவள் முகம் மலரவில்லை என்றால் ஏப்ரலில் உன் வாசலில் நிற்போம். அவள் எதிரில் மட்டும் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லாதே. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லு, எத்தனை தடவை வேண்டுமானாலும்.

கர்த்தர் உன் கூரையையும், அத்தானின் முழங்காலையும், நமது தேவாலயத்தைச் சூடாக்கும் புதுக் கொதிகலனையும் காப்பாராக. உன் கன்னத்தில் லவோன் சார்பாக ஒரு முத்தம், என் சார்பாக ஒரு மன்னிப்பு.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரத் தம்பி
வெர்லின்

பி.கு.: உறையில் முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டியாயிற்று. தபால்தலை ஒட்டிய கடிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது, அதனால் மிச்சமிருக்கும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடு. முக்கியமாக அந்த மூன்று வார்த்தையை.

அளவுநாடாவோடு மண்டியிட்டு ஓவன் கதவைத் திறந்தேன். கதவு கையோடு வந்துவிட்டது, பின்னாலேயே ஒரு கல் வந்து என் காலில் விழுந்தது. உள்ளே முழுக்கக் கல், அக்கா. கேக் அச்சு நிறையக் கல். பன் சுடும் தட்டில் பன்னிரண்டு குழி, ஒவ்வொரு குழியிலும் ஒரு கல், ஒவ்வொன்றுக்கும் அவள் கையெழுத்தில் சீட்டு, என்ன கல், எந்த ஓடைப் படுகையில் கிடைத்தது என்று. சிவப்பு, தேன் நிறம், நடுவில் வரிவரியாக ஓடுகிற வெள்ளை. வண்டி சாயாமல் என்ன செய்யும்.

அந்த நேரம் பார்த்து லவோன் தொப்பியை ஏந்தியபடி உள்ளே வந்தாள். தொப்பியிலும் கல்.

"நீ எடை போடுவேன்னு பயந்து ஒளிச்சு வெச்சேன்" என்றாள்.

அப்படியானால் அன்றைக்கு ஏன் அழுதாய் என்று கேட்டேன். "அழலப்பா. டெல்பர்ட்டு தொப்பிய எரிச்சுட்டு வாசனை வருதுன்னு கைய ஆட்டினாரே, எனக்குச் சிரிப்பு தாங்கல. முப்பது பேர் முன்னாடி என்ன பண்ணச் சொல்றே" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாள். சிரித்து ஓய்ந்ததும் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாப்பத்தொரு வருஷமா என்ன சுடப் போறேன்னு எல்லாரும் கேட்டாங்க. சுடப் பிடிச்சிருக்கான்னு ஒருத்தர் கேட்டதில்ல. இங்க வந்தாவது விட்டுடலாம்னு பாத்தா, நீ தெனமும் தரையில படுத்து அந்தப் பொந்துக்குள்ள தலைய விடறே. பாவம், இவருக்கு பன் இல்லாம உயிர் தரிக்காது போலன்னு நானும் சுட்டேன்."

உனக்காகத்தான் படுத்தேன் என்றேன். எனக்கு அந்தப் பன்னில் அவ்வளவு ஆசை இருந்ததில்லை என்பதையும், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, சொல்லிவிட்டேன். அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள். அக்கா, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காது வலியால் மட்டுமல்ல.

இனி கேஸும் இல்லை, விசிறியும் இல்லை. அந்தக் குழியில் ஆறு இழுப்பறை செய்யப்போகிறேன். எடைக்கு ஈடாக என் கருவிப் பெட்டியில் பாதியை டெல்பர்ட்டுக்குக் கொடுக்கிறேன், தொப்பி போன மனுஷன். கராஜில் இருக்கும் ஓவனை தேவாலயத்துக்குக் கொடுத்துவிடு, அடுத்த நாற்பத்தொரு வருஷத்துக்கு அவர்களே சுடட்டும்.

மார்ச் முதல் தேதி முடிவு என்னவென்று நான் கேட்கவில்லை. கல்லுக்கு அடியில் ஒரு வரைபடம் மடித்து வைத்திருந்தாள். நெவாடா, ஓரிகன், மொன்டானா என்று எங்கெங்கே என்ன கல் கிடைக்குமோ அங்கெல்லாம் சிவப்புக் கோடு. கோடு கடைசியாக வந்து நிற்பது உன் வீட்டு வாசலில். பக்கத்தில் அவள் எழுதியிருக்கிறாள்: "கிறிஸ்துமஸ், கொர்னீலியா, இரண்டு ராத்திரி." மாடி அறை வேண்டாம், தையல் இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வண்டியை நிறுத்த உன் வாசலில் கெட்டியான தரையாக ஓர் இடம் மட்டும் பார்த்து வை. அதற்குள் கனம் இன்னும் கூடியிருக்கும்.